குரங்கு மனிதனைப் பார்த்தவர்களும் பார்க்காமலே அடித்தவர்களும்

பரீட்சை, ரெக்கார்டு நோட்டு, அரியர் பயம் எல்லாம் ஓய்ந்து ரொம்ப நாள் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை தலைப்பு கொஞ்சம் ஒரு மாதிரியானது. குரங்கு மனிதன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

போன மாதம் எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம், பிடித்த தலைப்பில் பேசச் சொன்னார்கள். கிரிக்கெட், ரஜினி, உலக வெப்பமயமாதல் என்று வழக்கமானதெல்லாம் வந்தது. நம்ம பையன் ஒருத்தன் (பெயரைப் போட்டால் கேன்டீனில் வைத்து அடிப்பான்) மேகாலயாவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு குரங்கு மனிதனைப் பற்றிப் பேசினான். இரண்டாவது நிமிடமே கடைசி பெஞ்சிலிருந்து "மச்சி, கண்ணாடியைப் பார்த்துட்டு வந்தியா?" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. பாவம், மூன்று நிமிடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். அந்தக் கடைசி பெஞ்சுக் குரல் என்னுடையது.

சாயங்காலம் திருவொற்றியூர் பஸ்ஸில் அவன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மன்னிப்பு கேட்கிற மாதிரி "சரி, மீதியைச் சொல்லுடா" என்றேன். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதில் கிடைத்ததும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதும் இங்கே.

மேகாலயாவின் மேற்குப் பக்கம் காரோ மலைகள். அங்கே வாழும் காரோ மக்கள் 'மாண்டே புருங்' என்று ஒன்றைச் சொல்வார்கள். காட்டு மனிதன் என்று அர்த்தம். ஆளை விட உயரம், உடம்பு முழுக்கக் கருப்பு முடி, இரண்டு காலில் நடக்கும், ஆட்களைக் கண்டால் விலகிப் போய்விடும். இதைத் தேடி அலைந்தவர் திபு மராக் என்ற உள்ளூர்க்காரர். விலங்கியல் பேராசிரியர் இல்லை. அச்சிக் டூரிசம் சொசைட்டி என்ற அமைப்பைச் சேர்ந்தவர். பார்த்தேன் என்று சொன்னவர்களை ஊர் ஊராகப் போய்ச் சந்தித்தார். காலடித்தடம் என்று காட்டப்பட்டவற்றைப் பதிவு செய்தார். 2003ல் ஒரு வன ஊழியர் தொடர்ந்து மூன்று நாட்கள் அந்த உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் காட்டுப் பகுதியில் கிடைத்த சில முடிகளையும் பத்திரமாக எடுத்து வைத்தார்.

இதுவரைக்கும் இது நம்ம ஊர் டீக்கடைக் கதை மாதிரிதான். அதற்கடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். 2008ல் பி.பி.சி. செய்தியாளர் அங்கே போனபோது அந்த முடிகளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். முடியின் மேல்பரப்பில் மீன் செதில் போல அடுக்குகள் இருக்கும். நடுவில் ஒரு தண்டு ஓடும். இந்த இரண்டின் அமைப்பும் விலங்குக்கு விலங்கு மாறும். முதல் கட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்த விலங்குகளோடு அது பொருந்தவில்லை. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் 'யெட்டி முடியா?' என்று தலைப்புப் போட்டன. அப்புறம் டி.என்.ஏ. சோதனை. முடிவு வந்தது: அது கோரல். இமயமலைப் பக்கம் பாறைச் சரிவுகளில் வாழும், ஆடு மாதிரியான ஒரு பிராணி.

ஆடு!

வகுப்பில் நான் அடித்த ஜோக்கை விட இது பெரிய ஜோக் இல்லையா? பஸ்ஸில் இதைக் கேட்டதும் நான் மறுபடியும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அவர் கையில இருந்த ஒரே சாட்சிடா அது. பொட்டியில பூட்டி வச்சிருந்தா சாகுற வரைக்கும் 'என்கிட்ட குரங்கு மனுஷன் முடி இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கலாம். ஏன் குடுத்தாரு?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு பஸ் தேரடி தாண்டும் வரை என்னிடம் பதில் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அவரிடமும் ஒரு லாபக் கணக்கு இருந்திருக்கலாம். சுற்றுலா அமைப்பு நடத்துபவருக்கு ஊரில் ஒரு மர்ம மிருகம் இருப்பது வசதிதானே. ஆனாலும் கையிலிருப்பதைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டால் முடிவு எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் கொடுத்தார்.

இந்தக் குரங்கு மனிதன் வரலாற்றைப் பார்த்தால் இப்படிக் கொடுத்தவர்கள் மூலமாகத்தான் விஷயங்கள் தெளிவாகியிருக்கின்றன. 'அருவருப்பான பனிமனிதன்' என்ற பெயரே 1921ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு எழுதிய ஒருவர் திபெத்தியச் சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்ததால் வந்தது. 1951ல் எரிக் ஷிப்டன் எவரெஸ்ட் பக்கம் எடுத்த காலடித்தடப் போட்டோ உலகப் புகழ் பெற்றது. 1960ல் எட்மண்ட் ஹில்லாரியே யெட்டியைத் தேடிக் குழுவோடு போனார். கும்ஜுங் கிராமத்து மடத்தில் யெட்டியின் மண்டைத்தோல் என்று வைத்துக் காப்பாற்றி வந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, கிராமத்துப் பெரியவர் ஒருவரையும் கூடவே அழைத்துக்கொண்டு அமெரிக்கா, ஐரோப்பா என்று நிபுணர்களிடம் காட்டினார். அது சீரோ என்ற மலை விலங்கின் தோலில் செய்தது என்றார்கள். 2017ல் சார்லட் லின்ட்குவிஸ்ட் என்ற விஞ்ஞானியின் குழு, அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த 9 'யெட்டி' மாதிரிகளை டி.என்.ஏ. சோதனை செய்தது. 8 கரடி, 1 நாய்.

காலடித்தடம் எப்படி அவ்வளவு பெரிதாகிறது என்பதற்கும் சாதாரணமான காரணம் உண்டு. கரடி நடக்கும்போது முன்கால் வைத்த இடத்திலேயே பின்கால் பாதி ஏறி விழும். இரண்டும் சேர்ந்து ஒரே நீளமான பாதம் போலத் தெரியும். அதன் மேல் வெயில் பட்டு ஓரம் உருகினால் இன்னும் அகலமாகும். 2019 ஏப்ரலில் நம் இந்திய ராணுவமே மகாலு மலை முகாம் அருகே 32 அங்குலம் நீளம், 15 அங்குலம் அகலத்தில் யெட்டியின் தடம் பார்த்ததாக ட்விட்டரில் படம் போட்டு நாடு முழுக்கக் கிண்டல் வாங்கியது நினைவிருக்கும். ராணுவமே ஏமாறும் என்றால் காட்டில் தனியாகப் போகிற வன ஊழியரை நாம் கிண்டல் செய்வது நியாயமா?

"அப்போ எல்லாமே பொய், விடு" என்று முடித்துவிடலாமா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது.

காரோ மலையில் நிஜமாகவே ஒரு மனிதக்குரங்கு இருக்கிறது. ஹூலக் கிப்பன். இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே மனிதக்குரங்கு வகை அதுதான். வால் கிடையாது. நீளமான கை. ஆண் கருப்பாக, வெள்ளைப் புருவத்தோடு இருக்கும். தரையில் இறங்கினால் இரண்டு காலில் கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அழியும் நிலையில் இருக்கும் அந்த நிஜக் குரங்கைப் பார்க்க ஆள் இல்லை. இல்லாத குரங்கைத் தேடத்தான் கேமரா போகிறது. அங்கே செல்பல்கிரே என்ற சின்ன கிராமத்துக்காரர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை இந்தக் கிப்பன்களுக்காகவே ஒதுக்கிக் காடாக விட்டிருக்கிறார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்தப் பதிவுக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

இன்னொன்று. அருணாசலப் பிரதேசத்தில் மோன்பா மக்கள் 'முன் ஜாலா' என்று ஒரு குரங்கைச் சொல்லி வந்தார்கள். ஆழ்காட்டுக் குரங்கு என்று பொருள். அறிவியல் ஏட்டில் அப்படி ஒரு குரங்கே இல்லை. 2005ல் அனிந்த்ய சின்ஹா, அபராஜிதா தத்தா, எம்.டி. மதுசூதன், சாருதத் மிஸ்ரா ஆகிய இந்திய ஆய்வாளர்கள் அது ஒரு புதிய இனம் என்று அறிவித்து, அந்த மக்கள் சொன்ன பெயரையே மக்காக்கா முன்ஜாலா என்று வைத்தார்கள். 21ஆம் நூற்றாண்டில், பூனை அளவு சின்னப் பிராணி கூட இல்லை, நல்ல தடியான குரங்கு! ஊர்க்காரர்கள் சொன்னது சரி, புத்தகத்தில்தான் இல்லாமல் இருந்தது.

ஆக, ஊர்க்காரர்கள் சொன்னது ஒரு தடவை ஆடாகப் போனது. இன்னொரு தடவை புதுக் குரங்காகவே வந்தது. கேட்கிற நேரத்தில் எது எது என்று யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால்தான் சிரிப்பதும் தப்பு, அப்படியே நம்புவதும் தப்பு என்கிறேன்.

சோதிக்கவே முடியாத கதைகளும் உண்டு. இலங்கையில் 'நிட்டேவோ' பற்றிச் சொல்வார்கள். தென்கிழக்கில் பாணமை, குமண பக்கத்துக் காடுகளில் மூன்று, நான்கு அடி உயரத்தில், நீண்ட நகங்களோடு, கூட்டமாக வாழ்ந்ததாக வேடர்கள் சொன்ன கதை. 1886ல் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி இதை எழுதி வைத்தார். 1945ல் குரங்குகளைப் பற்றி ஆராய்ந்த உடற்கூற்றியல் பேராசிரியர் ஆஸ்மன் ஹில், இது ஆதி மனித இனமாக இருக்கலாமோ என்று ஒரு கட்டுரை எழுதினார். கதையின் முடிவு பயங்கரமானது. வேடர்கள் கடைசி நிட்டேவோ கூட்டத்தை ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகைக் குவித்துத் தீ வைத்துப் புகையிலேயே கொன்றுவிட்டார்களாம். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 'எபு கோகோ' என்ற குள்ள மனிதர்கள் பற்றிச் சொல்லும் கதையிலும் குகை, தீ, அழிவு என்று கிட்டத்தட்ட இதே முடிவுதான். அந்தத் தீவில் 2003ல் நிஜமாகவே சுமார் ஒரு மீட்டர் உயர ஆதி மனித எலும்பு கிடைத்ததும் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அந்த எலும்புகள் 60,000 வருடங்களுக்கும் முந்தையவை என்று பிறகு கணக்கிட்டார்கள். அவ்வளவு காலம் ஒரு கதை வாய்வழியாக நிற்குமா என்பது சந்தேகம்தான். இலங்கையில் நிட்டேவோவின் எலும்பு ஒன்று கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் பட்டது வேறு. இரண்டு ஊர்க் கதையிலும் அந்த 'மனிதனா மிருகமா தெரியாத' ஜீவனைப் பார்த்ததும் கடைசியில் செய்தது என்ன? கூட்டம் கூடி, வழியை அடைத்து, கொன்றார்கள். கதைதான். ஆனால் கதையோடு நிற்பதில்லை.

2001 மே மாதம். டெல்லி. கடும் வெயில், கரண்ட் கட், மொட்டை மாடியில் படுத்திருக்கும் ஜனங்கள். முதலில் காசியாபாத், அப்புறம் கிழக்கு டெல்லி. 'குரங்கு மனிதன்' ராத்திரியில் வந்து பிராண்டுகிறான் என்று பேச்சு கிளம்பியது. நாலடி என்றார் ஒருவர், ஐந்தரை என்றார் இன்னொருவர். ஹெல்மெட் போட்டிருந்தான், இரும்பு நகம், சிவப்புக் கண், நெஞ்சில் பட்டன் என்று நாளுக்கு நாள் வளர்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட புகார்கள். போலீஸ் படம் வரைந்து வெளியிட்டு, ஐம்பதாயிரம் ரூபாய் பரிசும் அறிவித்தது. ராத்திரி யாரோ கத்த, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி மாடியிலிருந்தும் படியிலிருந்தும் விழுந்து இறந்தவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் உண்டு. உயரம் குறைவான ஒரு சாமியாரை 'இவன்தான்' என்று பிடித்து அடித்தார்கள். கடைசியில் மருத்துவர்களும் தடயவியல் நிபுணர்களும் பார்த்துவிட்டு, அப்படி எந்த மிருகமும் இல்லை, பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதுதான் என்றார்கள். 2009ல் வந்த 'டெல்லி 6' இந்திப் படத்தில் கூட இந்தக் குரங்கு மனிதன் வருவான்.

2011 ஆகஸ்டில் இலங்கையில் 'கிறீஸ் பூதம்'. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்க வருகிறான் என்ற பயம். கிழக்கு, மலையகம், புத்தளம், யாழ்ப்பாணம் என்று பரவியது. சந்தேகத்தில் பலரை அடித்தார்கள், சிலர் செத்தார்கள். புத்தளத்தில் ஒரு காவலரே கூட்டத்தால் கொல்லப்பட்டார்.

இதெல்லாம் எங்கோ நடந்தது, நம்ம ஊர் அப்படியில்லை என்று நினைக்கிறீர்களா? இனி எழுதப்போவது எனக்குச் சங்கடமான விஷயம்.

2018. நான் எட்டாம் வகுப்பு. குழந்தை கடத்தும் கும்பல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ சுற்றியது. எங்கள் தெருவில் எல்லா போனிலும் அது இருந்தது. நாங்கள் பையன்கள் நாலைந்து பேர் ராத்திரி கட்டை எடுத்துக்கொண்டு 'ரோந்து' போனோம், பெரிய ஹீரோ மாதிரி. ஒரு நாள் சாயங்காலம் தெருமுனையில் ஒருத்தர் கோணிப்பை மூட்டையோடு நின்றார். தாடி, அழுக்குச் சட்டை, என்ன கேட்டாலும் முழித்தார். ஒரு சின்னப் பையன் மூட்டை அசைந்தது என்றான். அவ்வளவுதான். "அவன்தான்!" என்று ஒரு குரல். பத்துப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒரு அடி விழுந்தது.

அப்போது எங்கள் ஆயா கூட்டத்துக்குள் புகுந்து, அந்த ஆள் முன்னால் போய் நின்றது. "இன்னாடா பண்றீங்க? பத்து வருசமா இந்தத் தெருவுல பேப்பர் பொறுக்குறான், உங்க ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலியா? மூட்டைய அவுத்துப் பாருங்கடா மொதல்ல" என்று கத்தியது. அவிழ்த்தார்கள். அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், ஒரு கிழிந்த பெட்ஷீட். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அப்புறம் எங்கள் தெருப் பக்கம் அவர் வரவே இல்லை.

"அவன்தான்" என்று கத்திய குரல் என்னுடையது.

அதே 2018 மே 9ஆம் தேதி, நமக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டில், மனநிலை சரியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்ததில் ஒரு 65 வயது அம்மா இறந்தார். அங்கே மூட்டையை அவிழ்த்துப் பார்க்கச் சொல்ல ஒரு ஆயா இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் தெரு அந்த ஊர்களை விட நல்ல தெரு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது திபு மராக்குக்கு வருவோம். காரோ மலையிலும், டெல்லியிலும், எங்கள் தெருவிலும் ஆரம்பம் ஒன்றுதான். யாரோ ஒருவர் 'பார்த்தேன்' என்கிறார். காரோ மலையில் 'எங்கே, எப்போது, என்ன கிடைத்தது' என்று கேட்டு எழுதி, கிடைத்ததைச் சோதிக்கக் கொடுத்தார்கள். முடிவில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் அவமானம், ஒரு ஆட்டு ஜோக்கு. அவ்வளவே. மற்ற இடங்களில் கேட்கவே இல்லை, கை ஓங்கினோம். இப்படிப் பார்த்தால் வகுப்பில் நான் கிண்டல் செய்த அந்த 'வெட்டி ஆராய்ச்சி' எவ்வளவு நாகரிகமான வேலை என்று தோன்றுகிறதா இல்லையா?

சிலர் கேட்கலாம், "அதெல்லாம் சரி, படிக்காத ஆளுங்க செய்யும் ஆராய்ச்சியால நமக்கு என்ன பிரயோஜனம்? அதுக்கு விஞ்ஞானிங்க இருக்காங்களே?" என்று. எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

நமக்குப் பழக்கமான ஒன்று உண்டு. ராத்திரி ஒரு நாற்றம் வரும். கண் எரியும். காலையில் புகார் சொன்னால் 'அப்படி எதுவும் பதிவாகவில்லை' என்று பதில் வரும். அதாவது நாம் பார்த்ததும் மோந்ததும் குரங்கு மனிதன் கதை! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் அமோனியா நெடியில் மூச்சுத்திணறி, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கருப்பாகியிருந்தது. வலையிலும் படகிலும் ஒட்டிய எண்ணெயைக் கையில் வழித்துக் காட்டியவர்கள் மீனவர்கள்தான்.

கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004 வாக்கிலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் காற்று பிடிக்கும் ஒரு ஸ்பெஷல் பை, காற்றை உறிஞ்ச ஒரு சின்னப் பம்ப். நாற்றம் வரும் நேரத்தில் அந்தக் காற்றையே பையில் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் காற்று, என்ன மாதிரி வாசனை என்று நோட்டில் எழுதினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் அந்தக் காற்றில் இருப்பது தெரிந்தது. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அதுவரை 'உங்க மனப்பிரமை' என்று சொன்னவர்கள் அதற்கப்புறம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர்களும் பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் இல்லை. முடியைப் பொறுக்கி வைத்த திபு மராக்கும், காற்றைப் பையில் பிடித்த கடலூர்க்காரர்களும் செய்தது ஒரே வேலைதான். ஒன்றில் ஆடு வந்தது, ஒன்றில் விஷம் வந்தது.

அதற்காக எல்லா அமெச்சூர் ஆராய்ச்சியையும் தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றும் சில அடையாளங்கள்:

ஒன்று, என்ன முடிவு வந்தால் 'நான் சொன்னது தப்பு' என்று ஒத்துக்கொள்வேன் என்பதை அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது இல்லாதவர் தேடவில்லை, தனக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு, பார்த்தவரிடம் வார்த்தையை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'நெஞ்சில் பட்டன் இருந்துச்சா?' என்று கேட்டால் அடுத்த ஆளுக்குக் கட்டாயம் பட்டன் தெரியும். டெல்லியில் போலீஸ் படம் வெளியிட்ட பிறகு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று, கையில் இருக்கும் சாட்சியை நமக்கு வேண்டியவர் அல்லாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும்.

நான்கு, முடிவு தெரியும் வரை யார் மேலும் கை வைக்கக் கூடாது. இதுதான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆயாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அது சின்ன வயதில் எண்ணூர் உப்பளம் பக்கம் ராத்திரியில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்திருக்கிறதாம். சதுப்பு நிலத்து வாயு தீப்பிடித்து எரிவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் எடுத்துவிட்டேன். "நீ பார்த்தியா?" என்றது. இல்லை என்றேன். "நான் பார்த்தேன். ஆனா அது பிசாசுன்னு சொன்னது எங்கப்பா. நான் பார்த்தது வெளிச்சம்தான்" என்றது.

இந்தப் பதிவில் நான் இரண்டாயிரம் வார்த்தையில் சொல்ல முயன்றதை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆயா ஒரே வரியில் சொல்லிவிட்டது. பார்த்தது வேறு, அதற்கு நாம் வைக்கும் பெயர் வேறு. மூட்டை தூக்கியவரைத்தான் நான் பார்த்தேன். 'கடத்தல்காரன்' என்பது ஆடியோவில் வந்தது.

குரங்கு மனிதன் இருக்கிறானா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நண்பன் இருக்கலாம் என்கிறான். என்ன முடிவு வந்தால் விட்டுவிடுவாய் என்று கேட்டதற்கு ஒரு முழு இரவு யோசித்துப் பதில் அனுப்பினான்: காரோ மலைக் காடு முழுக்கத் தானியங்கிக் கேமரா வைத்து ஐந்து வருடத்தில் ஒரு படம் கூடக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுவானாம். நல்ல பதில். அடுத்த முறை அவன் பேச எழுந்தால் நான் முதல் பெஞ்சில் உட்காரப் போகிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது 'பார்த்த' கதை இருந்தால் எழுதுங்கள். யார் பார்த்தார்கள், எங்கே, எப்போது என்பதோடு எழுதுங்கள், ப்ளீஸ்.

பின்குறிப்பு: அந்தக் கோணிப்பை மனிதரை அதற்கப்புறம் தேரடி பக்கமும் மார்க்கெட் பக்கமும் கொஞ்ச நாள் தேடினேன். கிடைக்கவில்லை. இதைப் படிக்கும் திருவொற்றியூர்க்காரர்கள் யாராவது தாடியோடு பேப்பர் பொறுக்கும் ஒருவரைப் பார்த்தால் அவரை எதுவும் கேட்க வேண்டாம். ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள்.